பேஸ்மென்ட் தோண்டாமல் ஒரு மருத்துவமனைக்குப் பார்க்கிங் அமைத்தது

சேலத்தில் ஓமலூர் மெயின் ரோட்டுக்கும் சாரதா கல்லூரி சாலைக்கும் நடுவில் இருக்கும் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு அங்குள்ள நெருக்கடியை விளக்க வேண்டியதில்லை. ஸ்வர்ணபுரி, ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், மெய்யனூர் என்று நீளும் இந்தத் தெருக்கள் வீடுகளுக்காகப் போடப்பட்டவை. ஒரு டாக்டர் தன் வீட்டு முன்னறையில் கிளினிக் தொடங்குவார். பிறகு வீடே நர்சிங் ஹோம் ஆகும். பக்கத்து மனை சேரும், மாடிகள் எழும்பும். தெரு மட்டும் பழைய அகலத்திலேயே இருக்கும். நாமக்கல், தர்மபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து பெரிய வைத்தியம் தேடி சேலம் வருகிறவர்களில் நிறையப் பேர் கடைசியில் வந்து நிற்பது இந்தத் தெருக்களில்தான்.

இப்படி வளர்ந்த ஒரு தனியார் மருத்துவமனையின் பார்க்கிங்கை நாங்கள் மாற்றியமைத்தோம். அதன் முழு விவரம் இது. மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. பிரசவம், எலும்பு முறிவு, டயாலிசிஸ், எம்ஆர்ஐ, இரவும் பகலும் திறந்திருக்கும் கேஷுவாலிட்டி எல்லாம் உள்ள நடுத்தர மருத்துவமனை என்று தெரிந்தால் போதும். நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வி, "இன்னும் எத்தனை கார் நிறுத்த முடியும்?" என்பது. முன்புறத் திறந்தவெளியைத் தோண்டி பேஸ்மென்ட் கட்டுவது என்று ஒரு முடிவையும் அவர்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள்.

வேலை முடிந்தபோது பேஸ்மென்ட் வரவில்லை. கார் நிற்கும் இடங்களும் சற்றுத்தான் கூடின. வண்டியிலிருந்து இறங்கும் நோயாளி கதவை அடையும் தூரமும் விதமும் அடியோடு மாறின. மருத்துவமனை பார்க்கிங்கை அளக்க வேண்டிய முதல் அளவுகோல் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எத்தனை வண்டி நிற்கும் என்பது அதற்கு அடுத்துத்தான்.

முன்பு இருந்த நிலை

தெருவைப் பார்த்து ஒரே ஒரு கேட். உள்ளே வரும் வண்டியும் வெளியே போகும் வண்டியும் அதே வழி. கேட்டுக்கு நேரே போர்டிகோ. போர்டிகோவின் இரண்டு பக்கமும் கார்கள். கட்டடத்தின் வடக்கே ஒரு பக்கச் சந்து, அதன் வழியே பின்புறம் போகலாம். பின்புறத்தில் ஜெனரேட்டர், ஆக்சிஜன் டேங்க், மருத்துவக் கழிவு அறை, டாக்டர்களின் கார்கள். கேஷுவாலிட்டி கட்டடத்தின் பின்மூலையில் இருந்ததால் 108 ஆம்புலன்ஸ் உள்ளே வந்தால் போர்டிகோவில் நிற்கும் காரைத் தாண்டி, சந்தில் நிற்கும் பைக்குகளை உரசாமல் போக வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்போதெல்லாம் செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டு முன்னால் ஓடுவார். அவர் ஓடினால்தான் வழி பிறக்கும் என்ற நிலை.

நாங்கள் முதலில் செய்தது எண்ணிக்கை. அரைமணிக்கு ஒருமுறை வளாகத்தைச் சுற்றி நடந்து, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கடைசி நாலு எண்ணை எழுதுவது. பழைய முறை, செலவில்லாத முறை. எந்த வண்டி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். ஓபி கூட்டம் அதிகமாக இருக்கும் திங்கட்கிழமையையும், கூட்டம் குறையும் முகூர்த்த நாளையும் தனித்தனியாக எடுத்தோம். வாசலில் ஒருவரை நிறுத்தி, இறங்குகிறவர் யார் என்பதையும் குறிக்கச் சொன்னோம்: நோயாளியா, பார்க்க வந்தவரா, ஊழியரா, மருந்து ரெப்பா, பக்கத்துக் கடைக்கு வந்தவரா.

கதவுக்கு மிக அருகே இருந்த முதல் வரிசைதான் எங்களை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. காலை எட்டரைக்கு வந்த எண்களே மாலை வரை அங்கே நின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஊழியர்களுடையவை. முதலில் வருகிறவர் நல்ல இடத்தைப் பிடிப்பது இயல்புதானே, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். நடக்கத் தெம்புள்ளவரின் வண்டி நாள் முழுக்கக் கதவருகே அசையாமல் நிற்கிறது. பத்தரைக்கு மாவுக்கட்டோடு வருகிற பெரியவர் தெருமுனையில் இறங்குகிறார்.

வாசலில் இறங்குகிறவர் யார்

இந்த ஆய்வில் நான் அதிகம் கற்றது போர்டிகோவில் நின்று பார்த்ததில்தான்.

மருத்துவமனை போர்டிகோவை நாம் வழக்கமாகக் காருக்காக வரைகிறோம். கார் வந்து நிற்கும், பின்கதவு திறக்கும், அட்டெண்டர் வீல்சேரோடு வருவார். சேலத்தில் நோயாளிகளில் பெரும்பங்கினர் வருவது பைக்கில். ஓட்டுபவர் முன்னால், நோயாளி நடுவில், பின்னால் அவரைச் சாய்த்துப் பிடித்தபடி இன்னொருவர். காய்ச்சலில் துவண்ட பையன், கர்ப்பிணி, ஒரு கையில் ஐவி ஊசி குத்திய பிளாஸ்திரியோடு அம்மா. இவர்களை செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்துவார். "தம்பி, பைக்கை உள்ளே விடாதீங்க, வெளியே போட்டுட்டு வாங்க." அவருக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவு அது. போர்டிகோவை பைக்குகள் அடைத்துவிடும் என்ற பயம். விளைவு, காரில் வந்தவர் நிழலில் இறங்கி ஐந்தடி நடக்க, பைக்கில் வந்தவர் தெருவில் இறங்கி வெயிலில் வளாகம் முழுதும் நடந்தார். பைக்கில் வருகிறவருக்கு நோய் குறைவு என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அடுத்தது, தனியாக அழைத்து வருபவர். கணவன் மனைவி இருவர் மட்டும், மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. அல்லது வயதான அப்பாவும் மகளும். போர்டிகோவில் நோயாளியை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனால் நோயாளிக்கு ஆள் இல்லை. நோயாளியோடு உள்ளே போனால் வண்டி போர்டிகோவை அடைத்து நிற்கிறது. பின்னால் ஹாரன். இந்த நிமிடங்களில்தான் வாசலில் சண்டைகள் பிறந்தன. நாங்கள் பார்த்த வாக்குவாதங்களில் இடமே இல்லை என்பதால் வந்தவை குறைவு. பதைபதைப்போடு நிற்கிற ஒருவரிடம் "வண்டியை எடுங்க" என்று சொன்னதால் வந்தவையே அதிகம்.

டயாலிசிஸ் நோயாளிகள் தனி வகை. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் அளவில் ஆகும். வரும்போது நடந்து வருவார்கள், திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தள்ளாடுவார்கள். அவர்களுக்கு வருகையைவிடத் திரும்பும் வழிதான் முக்கியம். வண்டி கதவருகே வந்து ஏற்றிக்கொள்ள இடம் வேண்டும். இறக்கிவிடும் இடத்தை மட்டுமே யோசிக்கிற வரைபடங்களில் இது விட்டுப்போகிறது. டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கும் இதே கதைதான்: கையில் குழந்தை, பை, பக்கெட், தலையணை, பில் கட்டின ரசீது. எல்லோருமாகப் படியில் நின்றுகொண்டு காருக்காகக் காத்திருப்பார்கள்.

அப்புறம் வெளியூர் வண்டிகள். ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் ஜீப்புகள், பொலிரோக்கள். வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கமிருந்து குடும்பமாக வரும் வேன்கள். ஒரு நோயாளிக்கு ஆறேழு பேர். இவை காலையில் வந்து, ஸ்கேன் எடுத்து, ரிசல்ட் வாங்கி, டாக்டரை மறுபடி பார்த்து, சாயங்காலம்தான் கிளம்பும். டிரைவர் நாள் முழுக்க வண்டியிலேயே கிடப்பார். 5 மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்ட கார் இடத்தில் இந்த வேன்கள் அடங்காது, வால் நீட்டிக்கொண்டு வழியை மறிக்கும்.

பேஸ்மென்டை ஏன் கைவிட்டோம்

நிர்வாகம் எளிதில் விடவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினோம். நம் திட்டமிடல் நடைமுறையில், ஓடுபாதையும் சேர்த்து ஒரு காருக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டர், தரைத்தளக் கூரைக்குக் கீழ் 28, பேஸ்மென்டில் 32 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 500 சதுர மீட்டர் இடம் என்று வைத்துக்கொண்டால் திறந்தவெளியில் 21 கார் நிற்கும், அதே பரப்பு பேஸ்மென்டில் 15தான். ஆக, தோண்டினால் 15 கூடும் என்று தோன்றும். ஆனால் மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு 1க்கு 8 என்ற சரிவில், அதாவது 8 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் என்று இறங்கினாலே சாய்தளம் 28 மீட்டர் நீளம் வேண்டும். மூன்றரை மீட்டர் அகலத்தில் அது மேலே கிட்டத்தட்ட 100 சதுர மீட்டரைத் தின்றுவிடும். அங்கே நாலு கார் போச்சு. எஞ்சும் லாபம் 11. சரிவு இன்னும் மென்மையாக இருக்க வேண்டுமென்றால் லாபம் இன்னும் குறையும்.

சேலத்தின் மண் அடுத்த தடை. ஊரின் பெரும்பகுதி கடினப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. பல இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். வெடி வைக்க முடியாது, பக்கத்தில் ஐசியூ. பிரேக்கர் வைத்து உடைத்தால் மாதக்கணக்கில் அதிர்வும் இரைச்சலும், எம்ஆர்ஐ இயந்திரத்துக்கு அந்த அதிர்வும் ஆகாது. அதுபோக மழை. சேர்வராயன் மலையடிவாரத்தில் மாலை இடிமழை சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். மலையில் பிறந்து நகர் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு பெருகும் நாட்களில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாய்தளம் வழியே அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கினால் பம்ப் ஓட வேண்டும், பம்ப்புக்கு மின்சாரம் இருக்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மருத்துவமனை பேஸ்மென்ட் ரொம்ப நாள் பார்க்கிங்காக நீடிப்பதில்லை. முதலில் ஒரு மூலையில் பழைய கட்டில்கள், அடுத்து மெத்தைகள், ரெக்கார்டு அறை, மருந்து ஸ்டோர். 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் தீ பிடித்தது அப்படி ஒரு பேஸ்மென்டில்தான். கார் நிறுத்த அனுமதி பெற்ற இடத்தில் எரியக்கூடிய பொருட்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். புகை மேலே ஏறி, எழுந்து நடக்க முடியாத நோயாளிகள் படுக்கையிலேயே மூச்சுத் திணறினார்கள். இறந்தவர்கள் 90 பேர் அளவில். பேஸ்மென்ட் கட்டினால் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கிற காற்றோட்டம், அதாவது சாதாரண நேரத்தில் மணிக்கு 6 முறை, தீ நேரத்தில் 12 முறை முழுக் காற்றையும் மாற்றும் விசிறிகள், ஸ்பிரிங்க்ளர் எல்லாம் வேண்டும். அவற்றை வாங்கிவிடலாம். அங்கே கட்டில் அடுக்க மாட்டோம் என்ற ஒழுக்கத்தைப் பல வருடம் காப்பாற்றுவது கடினம். இதை நிர்வாகக் கூட்டத்தில் நேராகவே சொன்னேன். தலைமை மருத்துவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேலேயே என்ன செய்யலாம்னு பாருங்க" என்றார்.

மருந்துக் கவுன்டரில் கிடைத்த பத்து இடங்கள்

ஒரே நேரத்தில் எத்தனை வண்டி நிற்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. மணிக்கு வரும் வண்டிகளை, ஒவ்வொன்றும் நிற்கும் நேரத்தால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, மணிக்கு 30 கார் வந்து ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் நின்றால் 45 இடம் தேவை. அதே 30 கார் இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிட்டால் 35 போதும். பத்து இடம் மிச்சம், ஒரு செங்கல் வைக்காமல்.

அந்த இருபது நிமிடத்தைத் தேடிப் போனோம். டாக்டரைப் பார்த்து முடித்தவர்கள் மருந்துக் கவுன்டரிலும் பில் கவுன்டரிலும் காத்திருந்தார்கள். ஓபி சீட்டும் மருந்துச் சீட்டும் ஒரே வரிசையில் நகர்ந்தன. உள்நோயாளி மருந்துக்கு வார்டிலிருந்து வருகிறவர்களும் அதே கவுன்டரில் நின்றார்கள். வார்டு மருந்தைத் தனி ஜன்னலுக்கு மாற்றியதும், காலை நேரத்தில் இன்னொரு கவுன்டரைத் திறந்ததும் வரிசை சட்டென்று குறைந்தது. பார்க்கிங் வடிவமைக்க வந்தவர்கள் மருந்துக் கவுன்டரைப் பற்றிப் பேசுவது நிர்வாகத்துக்கு முதலில் புரியவில்லை. வரிசை குறைந்த வாரம் முன்புறத்தில் நெரிசல் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கேள்வி எழவில்லை.

பார்க்க வருகிறவர்களின் நேரத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்தோம். மாலைப் பார்வை நேரமும் மாலை ஓபியும் ஒரே சமயத்தில் தொடங்கின. பார்வை நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தியதில் இரண்டு கூட்டமும் பிரிந்தன. பணியாளர் ஷிப்ட் மாறும் நேரத்தைத் தொட முடியவில்லை. மதியம் வருகிறவர்கள் வந்த பிறகுதான் காலையில் வந்தவர்கள் கிளம்ப முடியும். அந்த அரைமணிக்கு இரண்டு ஷிப்டின் வண்டிகளுக்கும் இடம் வேண்டும். ஊழியர் பார்க்கிங்கை ஒரு ஷிப்டின் தலையெண்ணிக்கை வைத்துக் கணக்கிடும் இடங்களில் எல்லாம் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கு நோயாளி இடத்தில் ஊழியர் வண்டி ஏறி நிற்பது இதனால்தான்.

எத்தனை இடம் கட்டினாலும் அதில் 85 விழுக்காடு நிரம்பினால் முழுதும் நிரம்பியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் காலி இடத்தைத் தேடிச் சுற்றும் வண்டிகளே நெரிசலை உண்டாக்கும்.

புதிய வரைபடம்

தெற்கு மூலையில் இரண்டாவது கேட் ஒன்று திறந்தோம். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, சுற்றி ஒருவழி. ஒருவழியானதும் கார்களை 45 டிகிரி சாய்வாக நிறுத்த முடிந்தது. நேராக நிறுத்தினால் பின்னால் எடுக்கக் கிட்டத்தட்ட 6 மீட்டர் அகலம் வேண்டும், சாய்வாக நிறுத்தினால் அதைவிட நன்றாகக் குறைந்த அகலம் போதும். இன்னொரு லாபமும் உண்டு. பதற்றத்தில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சாய்விடத்தில் நுழைவது எளிது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நடக்கும் ஆளை இடிக்கும் ஆபத்தும் குறைவு.

போர்டிகோவை இரண்டாகப் பிரித்தோம். உள்பக்கம் கார், வெளிப்பக்கம் பைக்குக்கென்று ஒரு தடம், அதற்கும் கூரை. பைக் தடத்தின் ஓரத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி. நோயாளி இறங்கும்போது பிடித்துக்கொள்ள. பைக்கை நிறுத்துகிறவர் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பார், நோயாளிக்கு அவரால் கை கொடுக்க முடியாது. இந்தக் கம்பி சின்ன விஷயம், செலவும் அற்பம், ஆனால் வளாகத்தில் அதிகம் தொடப்படும் பொருள் இதுவாகத்தான் இருக்கும். வீல்சேர்களை உள்ளே ரிசப்ஷன் மூலையிலிருந்து எடுத்து இந்தத் தடத்தின் முனையில் வைத்தோம். தரையிலிருந்து கதவு வரை படியே இல்லாமல் 1க்கு 12 சரிவு.

தனியாக அழைத்து வருபவர்களுக்காகப் போர்டிகோவைத் தாண்டியதும் பதினைந்து நிமிட இடங்கள் சிலவற்றை ஒதுக்கினோம். வண்டியை அங்கே விட்டுவிட்டு நோயாளியோடு உள்ளே போகலாம், அட்மிஷன் போட்டுவிட்டு வந்து வண்டியை மாற்றி நிறுத்தலாம். கேஷுவாலிட்டி கேஸ் என்றால் வண்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம், செக்யூரிட்டி சாவியை வாங்கி டோக்கன் கொடுத்துத் தானே நகர்த்திவிடுவார். இதற்காக ஓட்டத் தெரிந்த இரண்டு பேரை வேலைக்கு எடுக்கச் சொன்னோம். அந்தச் சம்பளத்தில் நிர்வாகம் தயங்கியது. பேஸ்மென்ட் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தொகையை எழுதிக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள்.

கதவுக்கு அருகே இருக்கும் அடுத்த இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும். மாற்றுத்திறனாளி இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சாதாரண இடத்தின் இரண்டரை மீட்டர் அகலத்தில் கதவை முழுதாகத் திறந்து வீல்சேரை ஒட்டி வைக்கவே முடியாது. நீட்டிய காலில் கட்டுப் போட்டவர் பின்சீட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூடுதல் அகலம் ஏன் என்று புரியும்.

பைக் நிறுத்தும் இடத்துக்கு விதிப்படி 1.8 மீட்டர் நீளம் வரைவார்கள். தெருவில் அதிகம் ஓடும் சாதாரண பைக்கே 2 மீட்டர் நீளம். வரைபடத்தில் அடங்குவது தரையில் அடங்காது. நாங்கள் 2 மீட்டருக்கே கோடு போட்டோம். வரிசைக்குத் தலைப்பில் நிழலுக்குப் புங்கமரம் வைத்தோம், தரைக்கு மழைநீர் இறங்கும் பேவர் பிளாக்.

ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், எம்ஆர்ஐ

ஆம்புலன்ஸுக்கு, வளாகத்துக்குப் பின்னால் போகும் சந்திலிருந்து நேரே கேஷுவாலிட்டிக்குத் தனி கேட். அதன் வழியில் வேகத்தடை கிடையாது. முதுகெலும்பு அடிபட்டவருக்கு ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு கொடுமை. ஆம்புலன்ஸ் பின்கதவு கேஷுவாலிட்டி வாசலைப் பார்த்து நிற்க வேண்டும், ஸ்ட்ரெச்சரை முழுதாக வெளியே இழுத்துத் திருப்ப அதற்குப் பின்னால் 3 மீட்டராவது வெறும் தரை வேண்டும். கூரையை சைரன் விளக்கு இடிக்காத உயரத்தில் போட்டோம். அமரர் ஊர்தியும் இந்தப் பின்சந்து வழியேதான் போகிறது, அதற்குத் தனி நிறுத்தம், பிரசவ வார்டு ஜன்னல்கள் பார்க்காத மூலையில்.

ஆக்சிஜன் டேங்கருக்கு நிற்குமிடம் தார்த்தரையாக இருந்தது, அங்கே டாக்டர்களின் கார்களும் நின்றன. இதை உடனே மாற்றச் சொன்னோம். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் பொருள். அது தாரின் மீதோ, கார் சொட்டிய எண்ணெய் மீதோ சிந்தினால் ஓர் அடி பட்டாலே வெடிக்கக்கூடிய கலவை உருவாகும். டேங்கர் நிரப்பும் இடத்தைச் சுற்றி வெறும் கான்கிரீட் தரை போட்டு, மஞ்சள் கோடு கட்டி, கார்களை முழுதும் விலக்கினோம். அங்கே வைக்கும் அறிவிப்புப் பலகையை மட்டும் யாரும் அலட்சியம் செய்யக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன்.

எம்ஆர்ஐ அறையின் சுவர் வடக்குச் சந்தை ஒட்டியே இருந்தது. அதன் காந்தப்புலம் சீராக இருந்தால்தான் படம் தெளிவாக விழும். பக்கத்தில் காரோ லிஃப்ட்டோ போன்ற பெரிய இரும்புப் பொருள் நகர்ந்தால் புலம் கலையும். எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், அதைத் தயாரிப்பாளரின் வரைபடம் சொல்லும். வரைபடத்தை வாங்கிப் பார்த்ததும் சந்தில் வண்டிகள் போவதையும் நிற்பதையும் முழுதாகத் தடுத்துவிட்டு அதைக் கூரையிட்ட நடைபாதையாக மாற்றினோம். பார்க்கிங்கில் சில இடங்கள் போயின. அந்த இழப்பை நான் மனதார ஏற்றுக்கொண்டேன். மழையில் நனையாமல் முன்புறத்திலிருந்து பின்புற லேபுக்கு நடக்க முடிந்தது இந்த வளாகத்தில் அதுவரை இல்லாத வசதி.

தீயணைப்பு வண்டிக்கு 6 மீட்டர் வழி. அதில் ஒரு பைக் கூட நிற்கக் கூடாது. பூச்சட்டி வைத்து அலங்கரிப்பதும் கூடாது.

ஊழியர்கள் எங்கே போனார்கள்

இதுதான் மிகக் கடினமான பகுதி. ஐந்து நிமிட நடையில் ஒரு காலி மனை வாடகைக்குக் கிடைத்தது. பகல் ஊழியர்களின் வண்டிகளை அங்கே மாற்ற முடிவானது. முதலில் எதிர்ப்பு நர்சுகளிடமிருந்து வந்தது, அதில் முழு நியாயமும் இருந்தது. இரவு எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து இருட்டில் ஒரு பெண் காலி மனை வரை நடக்க வேண்டுமா என்று கேட்டார்கள். நடக்க வேண்டாம் என்பதுதான் சரியான பதில். மாலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் வருகிற பெண் ஊழியர்களின் வண்டிகள் வளாகத்துக்கு உள்ளேயே நிற்கும் என்று எழுத்தில் கொடுத்தோம். ஓபி கூட்டம் குறைந்த மதியத்திலும் இரவிலும் அவர்கள் வருவதால் நோயாளிகளுக்கும் தொந்தரவில்லை. காலி மனைக்கு விளக்கு, கேமரா, ஒரு வாட்ச்மேன்.

டாக்டர்கள் பக்கம் வேறு சிக்கல். அவசர அழைப்பில் வரும் டாக்டரைத் தூரத்தில் நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் எல்லா டாக்டரும் எல்லா நேரமும் அவசர அழைப்பில் இல்லை. அன்றைக்கு யார் ஆன்கால் என்ற பட்டியல்படி சில இடங்களைப் பின்புறம் ஒதுக்கி, மற்ற டாக்டர்களுக்கு இரண்டடுக்கு லிஃப்ட் பார்க்கிங் அமைத்தோம், எம்ஆர்ஐ சுவரிலிருந்து விலக்கி எதிர்மூலையில். இந்த இயந்திர அடுக்குகளை நோயாளிகளுக்குத் தரக் கூடாது என்பது என் திடமான கருத்து. கீழே நிற்கும் வண்டியை எடுத்தால்தான் மேலே நிற்பது இறங்கும், மின்சாரம் போனால் நிற்கும், உயரமான எஸ்யூவி ஏறாது. தினமும் வந்து பழகியவருக்கு இதெல்லாம் பரவாயில்லை. குழந்தைக்கு வலிப்பு என்று ஓடி வந்தவரிடம் பொத்தானை அழுத்திக் காத்திருங்கள் என்று சொல்ல முடியாது.

காலி மனையின் ஒரு பகுதியை வெளியூர் வேன்களுக்கும் ஜீப்புகளுக்கும் 7 மீட்டர் நீளத்தில் ஒதுக்கினோம். டிரைவர்களுக்கு ஒரு கழிப்பறை, குடிதண்ணீர், கூரைக்குக் கீழே ஒரு நீண்ட பெஞ்ச். நோயாளி கிளம்பும்போது டிரைவருக்குப் போன் வரும், வண்டி போர்டிகோவுக்கு வந்து ஏற்றிக்கொள்ளும். முன்பு தெருவோரம் வரிசையாக நின்ற வேன்கள் இப்போது அங்கே நிற்கின்றன. எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் கேட்டைத் திறக்க முடிவதாகச் சொல்கிறார்கள்.

கட்டணம் பற்றி

கட்டணம் வைத்தால்தான் வெளியாட்கள் வண்டியை விட மாட்டார்கள் என்று நிர்வாகம் சொன்னது. பக்கத்துக் கடைகளுக்கு வருகிறவர்கள் உள்ளே நிறுத்துவது உண்மைதான். ஆனால் நோயாளியிடம் நிறுத்தக் காசு வாங்குவதை நான் ஏற்கவில்லை. பதிலாக ஓபி சீட்டில் ஒரு முத்திரை. அது இருந்தால் இலவசம், இல்லாவிட்டால் கட்டணம். டயாலிசிஸ் நோயாளிக்கும் உள்நோயாளியோடு தங்குகிற ஒருவருக்கும் வண்டியில் ஒட்டும் அட்டை. கேட்டில் தடுப்புக் கம்பம் போட வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டோம். உள்ளே வரும்போது யாரையும் நிறுத்துவதில்லை, சோதிப்பது வெளியே போகும்போது மட்டும்.

இன்னும் முடியாதவை

வளாகத்துக்குள் வேலை முடிந்தது. தெரு முடியவில்லை. வெளியே போகும் கேட்டிலிருந்து வலதுபக்கம் திரும்பும் இடத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கின்றன, நிற்கத்தான் செய்யும், ஏனென்றால் பஸ்சில் வந்து இறங்கும் நோயாளிகள் வருவது அவற்றில்தான். அவர்களை விரட்டுவதற்குப் பதிலாகக் காம்பவுண்டுச் சுவரை உள்ளே தள்ளி ஆட்டோக்கள் நிற்க ஒரு வளைவு கொடுக்கலாம் என்று நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறோம். மூன்று ஆட்டோ நீளத்துக்கு இடம் போகும், நடந்து வருபவர்களுக்கு நடைபாதை கிடைக்கும். சாக்கடை மூடியைப் பலப்படுத்த மாநகராட்சி அனுமதி தேவை, மனு கொடுத்தாகிவிட்டது. அனுமதி வரும்வரை மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை அந்தத் திருப்பத்தில் செக்யூரிட்டி ஒருவர் நின்று வண்டிகளை விடுகிறார்.